மைக்கோட்டுக்குள் நிறம் குழைப்பது

ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவன், தான் கீறிய சித்திரக்கதைப் பக்கம் ஒன்றுக்கு நிறமும் சேர்த்துக் கொண்டுவந்து காட்டினான். 1803 ஆகஸ்ட் 25, முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையை வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிடித்த நாள்தான் கதை. முன்னால் வாளோடு வன்னியன், அவனுக்குப் பின்னால் நாலைந்து வீரர்கள், அதற்கும் பின்னால் கோட்டை மதில், கடல், வானம். மைவேலை அவ்வளவு வடிவு. தோள்மூட்டின் நிழலுக்குப் பிரஷ் பேனையால் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றும் தடிப்பாகத் தொடங்கி மயிரிழை போல மெலிந்து முடிந்திருந்தன. ஆனால் நிறம் சேர்ந்த பிறகு அந்த வீரர்கள் காற்றடித்த பலூன்கள் போல ஆகிவிட்டார்கள். கை, கால், முகம், மதில், மேகம் எல்லாவற்றிலும் ஒரே வழுவழுப்பு.

“எல்லாத்தையும் நல்லா பிளெண்ட் பண்ணினனான் அண்ணை, ஏன் இப்பிடி வந்தது?” என்று கேட்டான்.

அன்றைக்கு அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பென்சிலும் மையும் கைக்கு வந்து, நிறத்துக்காக இப்போதுதான் கணினியையோ போனையோ தொடுகிறவர்களை நினைத்து எழுதுவது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இரண்டு நிறங்களுக்கு நடுவில் நீங்கள் எந்த நிறத்தை வைக்கிறீர்களோ அதுதான் குழைவை இயல்பாகக் காட்டும். எந்தப் பிரஷ், எந்த ஆப் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நடுவில் இருக்கும் நிறம்

மாரி தொடங்கியதும் வேலியோரங்களில் கார்த்திகைப் பூ பூக்கும். அதன் இதழ் ஒன்றைக் கையில் எடுத்து அடியிலிருந்து நுனிவரை மெல்லப் பாருங்கள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இரண்டுக்கும் இடையில் செறிவான செம்மஞ்சள் ஒன்று இருக்கிறது. மஞ்சள் எந்த இடத்தில் முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட ஏலாது. ஆனால் செம்மஞ்சள் என்ற மூன்றாவது நிறம் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வார்கள். பார்த்து முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள், அந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கு அதிலும் கடுமை.

கணினிக்கு இந்த இதழ் தெரியாது. அது ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக, 0 முதல் 255 வரை, வைத்திருக்கிறது. இரண்டு நிறங்களைக் கலக்கச் சொன்னால் அந்த எண்களின் சராசரியை எடுக்கும், அவ்வளவுதான். மஞ்சள் 255, 255, 0. சிவப்பு 255, 0, 0. இரண்டின் சராசரி 255, 128, 0. நல்ல செம்மஞ்சள், பூவின் இதழில் கணினி பிழைத்துக்கொண்டது. இப்போது மஞ்சளையும் நீலத்தையும் கலக்கச் சொல்லுங்கள். நீலம் 0, 0, 255. மூன்று இடத்திலும் சராசரி 128 வருகிறது. அது தனிச் சாம்பல் நிறம். தண்ணீர் வர்ணத்தில் கலந்திருந்தால் பச்சையாவது கிடைத்திருக்கும்.

தம்பியின் வானத்தில் நடந்தது இதுதான். அடிவானத்தில் மஞ்சள், உச்சியில் நீலம், நடுவில் ஸ்மட்ஜ் கருவியால் நன்றாகத் தேய்த்திருந்தான். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசிய மாதிரி ஒரு பட்டி குறுக்கே ஓடியது. நிறம் பிழை என்று அவனுக்குத் தெரிந்தது, எங்கே பிழை என்று பிடிபடவில்லை. சூரியன் எழும்ப முன் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நடுப்பகுதி தெரியும். மஞ்சளுக்கு மேலே பால் விட்ட மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பு, அதற்கு மேலேதான் நீலம் தொடங்கும். அந்த இளஞ்சிவப்பை, 245, 215, 200 போன்ற ஒன்றை, நடுவில் நீங்களே வைத்துவிட வேண்டும். பிறகு மஞ்சளை இதோடும், இதை நீலத்தோடும் குழைத்தால் சாம்பல் பட்டி போய்விடும். தேய்த்தது அதே கருவி, அதே கை. வைத்த நிறம்தான் வேறு.

இந்த ஒரு விசயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இனி வேலைக்குள் போவோம்.

மையைத் தனியாக எடுப்பது

தாளில் மை நன்றாகக் காய்ந்து, பென்சில் கோடுகளை அழித்த பிறகு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கிரேஸ்கேலாக, அதாவது கறுப்பு வெள்ளையும் இடைச் சாம்பலுமாக, ஸ்கான் எடுங்கள். வீட்டில் ஸ்கானர் இல்லையென்றால் போட்டோக்கொப்பிக் கடையில் எடுக்கலாம். 600 என்று சொல்லியே எடுங்கள், சொல்லாவிட்டால் கடிதத்துக்கு எடுக்கிற அளவில் எடுத்துத் தந்துவிடுவார்கள். ஏ4 தாள் ஒன்று இந்த அளவில் 4960க்கு 7016 பிக்சல் வரும். பழைய மடிக்கணினிக்கு அது பாரம்தான். மையைச் சுத்தம் செய்து முடித்த பிறகு 300 டிபிஐக்கு இறக்கி, 2480க்கு 3508 பிக்சலில் நிறம் சேர்க்கலாம். போனில்தான் படம் எடுக்க வேண்டும் என்றால் காலை வேளையில் மரநிழலில் தாளை வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். உங்கள் கையின் நிழல் தாளில் விழுந்தால் அந்த மூலை முழுவதும் மங்கி வரும்.

பிறகு லெவல்ஸ் கருவியால் தாளின் மஞ்சள் கலந்த வெள்ளையைச் சுத்த வெள்ளையாகவும், மையைச் சுத்தக் கறுப்பாகவும் இழுத்துவிடுங்கள். மெலிந்து முடியும் கோட்டின் நுனிகள் காணாமல் போகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும்.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. இந்த மை லேயர் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே, மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் இருக்கும். மல்டிப்ளை என்றால் பெருக்கல். மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுப்பது. வெள்ளை 255 என்பதால் அதனால் பெருக்கி 255ஆல் வகுத்தால் கீழே இருந்ததே திரும்பி வரும். வெள்ளைத் தாள் கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். கறுப்பு 0, எதைப் பெருக்கினாலும் 0. கோடு கறுப்பாகவே நிற்கும். இந்தக் கணக்கை ஒருமுறை விளங்கிக்கொள்ளுங்கள், நிழலுக்கும் இதுதான் வரப்போகிறது.

கிரிட்டா என்ற இலவச மென்பொருளைத்தான் நான் தம்பிக்கும் சொன்னேன். அதில் கலர் டு அல்ஃபா என்ற வடிகட்டி வெள்ளையை முற்றாக நீக்கிக் கோட்டை மட்டும் விடும். பிறகு கோட்டுக்கே நிறம் கொடுக்க வேண்டி வந்தால் அது வசதி. போட்டோஷொப், ஜிம்ப், போனில் ஐபிஸ்பெயின்ட் எதில் செய்தாலும் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

அடுத்தது தட்டை நிறம். தோலுக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று, மதிலுக்கு ஒன்று என்று நிழலே இல்லாமல் ஒவ்வொரு பகுதியையும் ஒரே நிறத்தால் நிரப்பும் வேலை. சலிப்பான வேலைதான், ஆனால் இது ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் கெதியாக முடியும். இரண்டு கவனம் போதும். நிரப்பும் கருவியில் அன்டி-எலியாசிங்கை (ஓரத்தை மென்மையாக்கும் வசதி) நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் பிறகு வேட்டியை மட்டும் தெரிவு செய்யும்போது ஓரம் சுத்தமாகக் கிடைக்கும். அடுத்து, நிறம் கோட்டின் விளிம்போடு நிற்காமல் கோட்டுக்கு அடியில் இரண்டு மூன்று பிக்சல் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் கோட்டையொட்டி நூல் மாதிரி வெள்ளை தெரியும். இந்த லேயரை அதன் பிறகு தொடவே கூடாது. நிழல், வெளிச்சம் எல்லாம் மேலே வேறு லேயர்களில்.

பழைய கொமிக்ஸ் புத்தகங்கள் இந்தத் தட்டை நிறத்தோடேயே நின்றுவிட்டதற்குக் காரணம் அச்சு. 1879இல் பெஞ்சமின் ஹென்றி டே உருவாக்கிய புள்ளி முறையின் வழியில், நீலம், மெஜன்ரா, மஞ்சள் மூன்றையும் 0, 25, 50, 100 சதவீதம் என்ற நாலு அளவுகளில் மட்டும் அச்சடித்தார்கள். நாலை மூன்று தடவை பெருக்கினால் 64. ஒரு கொமிக்ஸ் உலகம் முழுவதும் அந்த 64 நிறங்களுக்குள் இருந்தது. அதனால்தான் உருவத்தின் பாரம் முழுவதையும் மைக்கோடே சுமக்கப் பழகியது. நமக்கு இன்றைக்கு நிறத்தில் தட்டுப்பாடு இல்லை. ஆனால் கோடு இன்னும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கட்டத்துக்குள் நேரம் என்ன

தம்பியின் படத்தில் கோட்டைக்குப் பின்னால், கடலுக்குள், பெரிய சிவப்புச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வீரர்களின் முகத்திலோ முன்பக்கத்தால் வெளிச்சம் விழுந்தது.

“முல்லைத்தீவில எந்தப் பக்கம் கடல்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “கிழக்கு... அப்ப இது விடியப்புறம் அண்ணை” என்றான்.

ஆம். அந்தக் கரையில் சூரியன் கடலில் எழும்பும். மாலை என்றால் மேற்கே, நந்திக்கடல் களப்புப் பக்கம்தான் இறங்கும். சின்ன விசயம் போலத் தெரியலாம், ஆனால் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற முடிவில்தான் நிறக்கலப்பு முழுவதும் தொங்குகிறது. நாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம், சூரியன் வீரர்களின் முதுகுப் பக்கம். அப்படியென்றால் முகங்கள் நிழலில், ஓரங்களில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். சூரியனைக் கட்டத்தின் இடது விளிம்புக்கு வெளியே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது ஒவ்வொரு ஆளிலும், படத்தைப் பார்க்கிற நமக்கு இடதாகத் தெரியும் கன்னத்திலும் கையிலும் வெளிச்சம் பட்டு, மற்றப் பக்கம் நிழலாகும்.

நிழலான இடத்தில் இருட்டு மட்டும் இருப்பதில்லை. சூரியன் நேராகப் படாத இடத்துக்கும் வானத்தில் இருந்து ஒளி வருகிறது, அது நீலம் கலந்தது. நிலத்தில் பட்டுத் தெறிப்பதும் வருகிறது, அது நிலத்தின் நிறம். மத்தியான நேரம் கிரவல் ரோட்டில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கிற பிள்ளை ஒன்றைப் பாருங்கள். அன்றைக்குத்தான் தோய்த்து உடுத்த, புழுதியே படாத சட்டையாக இருந்தாலும் கீழ்ப்பக்க மடிப்புகளுக்குள் இளஞ்சிவப்புத் தெரியும். நாடியின் அடியிலும் தெரியும். தார் ரோட்டில் அதே பிள்ளை நின்றால் அது இருக்காது. தம்பியின் அடுத்த கட்டத்தில் படை செம்மண் பாதையால் வருகிறது. அங்கே வேட்டிகளின் கீழ் ஓரத்துக்கு இந்தச் சிவப்பை வைக்கச் சொன்னேன். வன்னியில் நடக்கும் கதை வன்னியில் நடக்கிற மாதிரித் தெரிவதற்குப் பனைமரத்தைவிட இந்தச் சிவப்பு கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

நிழல் லேயர்

இப்போது பெருக்கல் கணக்குக்குத் திரும்புவோம். தட்டை நிறத்துக்கு மேலே புதிய லேயர் ஒன்று, மல்டிப்ளை முறையில். அதில் எந்த நிறத்தால் நிழல் போடுவது?

தொடங்குபவர்கள் எல்லோரும் சாம்பலைத்தான் எடுப்பார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். வன்னியனின் தோலுக்கு 150, 98, 66 என்ற மண்ணிறத்தை வைத்தோம். அதன்மேல் 150, 150, 150 என்ற சாம்பலைப் பெருக்கினால் 88, 58, 39 வரும். இருண்டிருக்கிறது, ஆனால் நிறத்தின் திசை மாறவேயில்லை. அதே மண்ணிறம், விளக்கைக் குறைத்த மாதிரி. உடம்பு முழுவதும் இப்படியே செய்தால் புகை பிடித்த பொம்மை போல இருக்கும். சாம்பலுக்குப் பதிலாக 170, 140, 180 என்ற மங்கிய ஊதாவைப் பெருக்குங்கள். 100, 54, 47 வருகிறது. சிவப்புப் பக்கம் சாய்ந்த, உயிருள்ள ஒரு கபிலம். வானத்தின் நீலம் நிழலுக்குள் இறங்கியிருக்கிறது, தோலின் சூடும் போகவில்லை.

இந்த ஒரே ஊதாவை அந்தக் கட்டத்தில் உள்ள எல்லாவற்றின் நிழலுக்கும் பாவியுங்கள். வேட்டிக்கு ஒரு நிழல் நிறம், மதிலுக்கு வேறு என்று போகாதீர்கள். ஒரே வானத்துக்குக் கீழேதான் எல்லோரும் நிற்கிறார்கள். பெருக்கல் தானாகவே வேட்டியில் ஒரு மாதிரியும் மதிலில் வேறு மாதிரியும் வேலை செய்து, எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக்கும்.

ஒரு கை

வன்னியனின், நமக்கு இடதாகத் தெரியும் கையை மட்டும் எடுத்துக்கொள்வோம், தோளில் இருந்து மணிக்கட்டு வரை. வாளைப் பிடித்திருக்கிற கை.

ஏர்பிரஷை எடுக்க வேண்டாம். ஓரம் கூர்மையான சாதாரண வட்டப் பிரஷை எடுத்து, அழுத்தத்துக்கு ஏற்ப அடர்த்தி கூடிக் குறையும்படி வையுங்கள். விரலால் போனில் தீட்டுகிறவர்களுக்கு அழுத்தம் வேலை செய்யாது. அவர்கள் ஒப்பாசிட்டியை (நிறம் எவ்வளவு மறைத்துப் படிகிறது என்ற அளவு) 30 சதவீதம் அளவுக்கு இறக்கி, ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை போகலாம்.

முதலில், நிழல் லேயருக்கு மேலே சாதாரணக் கலப்பு முறையில் உள்ள இன்னொரு லேயரில், மூன்று நிறங்களைக் குழைக்காமல் அப்படியே துண்டு துண்டாக வையுங்கள். வெளிச்சம் படும் இடத்துக்கு 198, 146, 100. நடுவில் தட்டை நிறமான 150, 98, 66. நிழலுக்கு 100, 54, 47. இந்த நிலையில் படம் பலகையில் செதுக்கிய சிலை மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கித் தூரத்தில் இருந்து பாருங்கள். இப்போதே கை உருண்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எவ்வளவு குழைத்தாலும் தெரியாது, துண்டுகளை மாற்றி வையுங்கள்.

இனி நடு நிறமும் நிழலும் சந்திக்கும் எல்லை. இந்த இரண்டையும் கணினியிடம் கலக்கக் கொடுத்தால் 125, 76, 57 என்ற சராசரியைத் தரும். நான் அங்கே வைப்பது 132, 66, 44. வித்தியாசம் சின்னதுதான்: சிவப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, பச்சையும் நீலமும் இறங்கியிருக்கின்றன. ஏன் என்றால் தோல் சுவர் மாதிரி ஒளியை மேலோடு திருப்பி அனுப்புவதில்லை. கொஞ்ச ஒளி உள்ளே புகுந்து, இரத்தத்துக்குள்ளால் போய், சிவந்து வெளியே வருகிறது. கரண்ட் போன இரவில் டோர்ச்சை உள்ளங்கைக்கு அடியில் பிடித்துப் பார்த்த எல்லோருக்கும் விரல் இடுக்குகளின் அந்தச் சிவப்புத் தெரியும். பகலில் அது வெளிச்சத்துக்குள் அமுங்கிப்போகும். வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில்தான் எட்டிப் பார்க்கும். அந்த மெல்லிய சிவந்த கரையை வைத்த உடனே கைக்குள் இரத்தம் ஓடத் தொடங்கிவிடும்.

வைத்த பிறகு குழைப்பது இப்படி. 132, 66, 44க்கும் நிழலுக்கும் இடைப்பட்ட விளிம்பில் மெல்லிதாக ஒரு இழுப்பு. இரண்டும் மேவிய இடத்தில் புதிதாக ஒரு நிறம் உருவாகியிருக்கும். அதையே நிறம் எடுக்கும் கருவியால் தொட்டு எடுங்கள். கிரிட்டாவில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தொட்டால் போதும். எடுத்த நிறத்தால் அதே விளிம்பில் இன்னொரு இழுப்பு. திரும்ப எடுங்கள், திரும்ப இழுங்கள். நாலைந்து தடவையில் விளிம்பு கரைந்துவிடும். ஆனால் பிரஷின் தடம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கும். அந்தத் தடத்தைத் தேய்த்து அழிக்காதீர்கள். கையால் செய்த வேலை என்று பார்க்கிறவருக்குச் சொல்வது அதுதான். ஸ்மட்ஜ் கருவி இதையெல்லாம் அழித்து, நீங்கள் கவனமாக வைத்த நடுநிறத்தையும் திரும்பச் சராசரிக்கே கொண்டுபோய்விடும்.

எல்லா விளிம்பையும் ஒரே அளவு கரைப்பதுதான் பலூன் தோற்றத்துக்கு முதல் காரணம். கையின் மேற்பகுதி உருண்டை, அதில் எல்லை அகலமாக, ஆறுதலாகக் கரையலாம். முழங்கை எலும்பில் எல்லை ஒடுங்கி, ஏறக்குறைய வெட்டின மாதிரி வரவேண்டும். வாளின் நிழல் நெஞ்சில் விழுகிறதே, அதைக் குழைக்கவே கூடாது. ஒரு பொருளின் நிழல் இன்னொன்றின்மேல் விழும்போது, பொருள் கிட்ட இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். தூரப் போகப் போக மங்கும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர் மங்குகிறது. 20 மீற்றர் உயரப் பனையின் ஓலை நிழல் நிலத்துக்கு வரும்போது 18 சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கிவிடும். அதே பனையின் அடிமரத்தின் நிழல் வேரோடு சேரும் இடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். உச்சி வெயிலில் பனங்கூடலுக்குள் போய் ஒருமுறை நிலத்தைப் பாருங்கள், எந்தப் பாடக் காணொளியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.

கடைசியாக ஒளிர்வு. நமது கறுத்த, மாநிறத் தோலில் அது வெள்ளைத் தோலைவிடத் துலக்கமாகத் தெரியும். கன்னமேடு, மூக்கின் தண்டு, தோளின் உச்சி, வியர்வை உள்ள இடங்கள். சின்னதாக, கூர்மையாக வையுங்கள். காலைச் சூரியன் படும் பக்கம் மஞ்சள் கலந்தது, மற்றப் பக்கம் வானத்தின் வெளிர் நீலம். நான் பார்த்த ஆயத்தமான தோல் நிறப் பட்டைகள் அனேகமாக வெள்ளையர் தோலுக்குச் செய்தவை, கறுத்த தோலுக்கு அதிலேயே கறுப்பைக் கலந்துவிட்டிருப்பார்கள். அதை நம்பினால் நமது ஆட்கள் சாம்பல் பூத்துப்போவார்கள். உங்கள் சொந்த முன்கையை யன்னலோரம் நீட்டிப் பார்த்து நிறம் எடுப்பது எவ்வளவோ மேல்.

மை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல்

கோடு சுமக்கும் பாரத்தைப் பற்றி முன்பு சொன்னேன். தம்பி தோளுக்கு இழுத்த அந்த மெலியும் கோடுகளே ஒரு குழைவுதான். கறுப்பு அடர்த்தியாகத் தொடங்கி வெள்ளைக்குள் கரைகிறது. அதற்கு மேலே இன்னொரு முழு நிழலைப் போட்டால் ஒரே தோளில் இரண்டு தடவை இருட்டுகிறது. கோடும் தெரியாது, நிறமும் தெரியாது. அவன் செய்திருந்ததும் இதுதான். அவ்வளவு பாடுபட்டு இழுத்த கோடுகளைத் தானே ஏர்பிரஷால் மூடியிருந்தான்.

மை நிழல் போட்ட இடத்தில் நிறம் கொஞ்சம் ஒதுங்க வேண்டும். கோடுகள் எந்தத் திசையில் மெலிகின்றனவோ அதே திசையில் பிரஷையும் இழுங்கள். கோட்டின் நுனி முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் நிற நிழல் முடியட்டும். அப்போது மையில் தொடங்கிய குழைவு நிறத்தில் தொடர்ந்து வெளிச்சத்தில் முடிகிற மாதிரித் தெரியும். முழுக் கறுப்பாக மை நிரப்பிய இடங்களுக்கு நிழல் தேவையே இல்லை. கோடே இல்லாத வெறும் வெளி, வானம், தண்ணீர், மதிலின் பரப்பு, அங்கேதான் நிறத்துக்கு முழு சுதந்திரம்.

சில இடங்களில் கோட்டையே கறுப்பில் இருந்து மாற்றலாம். தூரத்துக் கடலின் அலைக்கோடுகளும் கோட்டையின் பின்மதிலும் முன்னால் நிற்கும் வன்னியனின் அளவுக்குக் கறுப்பாக இருந்தால் எல்லாம் ஒரே தட்டில் ஒட்டினது போல இருக்கும். வெள்ளையை நீக்கிய மை லேயரின் அல்ஃபாவைப் பூட்டிவிட்டு (அப்போது கோடு உள்ள இடத்தில் மட்டுமே நிறம் ஏறும்) அந்தக் கோடுகளுக்கு மட்டும் நீலச் சாம்பல் நிறம் கொடுங்கள், அவை பின்னால் போய்விடும். அடுப்பில் இருந்து எழும் புகை, பொழுதின் ஒளிக்கதிர், தண்ணீரில் தெரியும் நிழலுரு, இவற்றுக்கும் இது நல்லது. முகத்துக்கும் முன்னால் நிற்கும் உருவத்தின் வெளிக்கோட்டுக்கும் மட்டும் கறுப்பை விட்டுவிடுங்கள். மைகாரரின் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது.

வேலை நடுவில் அடிக்கடி ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பால் நிரப்பிய லேயர் ஒன்றைக் கலர் என்ற கலப்பு முறையில் வைத்தால் முழுப் படமும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதில் வன்னியனின் முகமும் பின்னால் இருக்கும் மதிலும் ஒரே சாம்பலாக இருந்தால், நிறத்தில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் முகம் அமுங்கித்தான் போகும். இரண்டில் ஒன்றை வெளுப்பாக்குங்கள். பார்த்ததும் அந்த லேயரை மறைத்துவிட்டுத் தொடரலாம்.

அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் மூன்று விசயம். திரையில் தெரியும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறங்கள் எல்லாம் அச்சின் சிஎம்ஒய்கே (நீலம், மெஜன்ரா, மஞ்சள், கறுப்பு) மையில் வராது. இளம் நெல்வயலின் பளிச்சென்ற பச்சையும் கடலின் கடும் நீலமும்தான் முதலில் மங்கும். ஆகவே முதலே கொஞ்சம் அடக்கமான பச்சையைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தட்டு உண்டு; மைக்கோடு கறுப்புத் தட்டில் மட்டும் 100 சதவீதமாக இருக்கட்டும். நாலு தட்டிலும் பரவி இருந்தால், அச்சில் தட்டு ஒரு மயிரளவு விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாட்டம் காட்டும். நிழல்களில் நாலு மையும் சேர்ந்த மொத்தம் 300 சதவீதத்தைத் தாண்டினால் தாள் ஈரம் உறிஞ்ச மாட்டாமல், மேலே அடுக்கும் தாளின் பின்பக்கத்தில் மை ஒட்டும். அச்சகத்தில் அவர்களின் தாளுக்கு எவ்வளவு தாங்கும் என்று கேட்டுவிட்டே முடியுங்கள், சாதாரண பத்திரிகைத் தாளுக்கு இதைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள்.

தம்பி அந்தக் கட்டத்தைத் தட்டை நிறத்தில் இருந்து திரும்பச் செய்தான். இரண்டு பின்னேரம் எடுத்தது. வானத்தில் இளஞ்சிவப்பு வந்தது, இடப்பக்கக் கைகளில் சிவந்த கரை வந்தது, தோளில் இருந்த கோடுகள் திரும்பத் தெரிந்தன. வலது கை ஓரத்தில் நிற்கும் வீரன் ஒருவனின் முகத்தில் மட்டும் வெளிச்சம் இன்னும் பிழையான பக்கத்தால் விழுகிறது, அதைப் பிறகு திருத்துவதாகச் சொன்னான்.

இப்போது கடைசிப் பக்கத்தில் நிற்கிறான். 1803 ஒக்டோபர் 31, கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படையிடம் வன்னியன் தோற்ற நாள். ஐப்பசி, மழை இருட்டு. “இதுக்கு நிழல் எந்தப் பக்கம் அண்ணை?” என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தான். மூடின வானத்தில் ஒளிக்குப் பக்கம் இல்லை, வானம் முழுவதுமே விளக்கு. விழும் நிழலுக்கு ஓரமே இருக்காது. காலடியிலும், துணி மடிப்பின் உள்ளேயும், நாடியின் கீழும் மட்டும் இருட்டு ஒதுங்கும். ஊதாவை விட்டுவிட்டு 165, 175, 170 போன்ற பச்சை கலந்த சாம்பலால் பெருக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஈரமான செம்மண் காய்ந்ததைவிட இருண்டும் செறிந்தும் இருக்கும், அதை மட்டும் வெளியே போய்ப் பார்த்து எடுக்கச் சொன்னேன். இந்தக் கிழமை அங்கே மழை பெய்கிறதாம்.